எந்த ஊர், எந்தத் தெரு, எந்தச் சாமி

1

திருப்பரங்குன்றத்தில் அந்த வீட்டுக் கேட்டைச் சாத்திவிட்டு வந்து, தெருமுனை வரைக்கும் நானும் என் மகளும் நடந்தோம். வெயில் நெற்றியில் அடித்தது. மலை பக்கத்திலேயே நின்றாலும் அதன் நிழல் இந்தத் தெருவுக்கு வருவதில்லை. ரயில்வே கேட் பக்கம் திரும்பும்போதுதான் ஷாலினி வாய் திறந்தாள்.

"அப்பா, முதல்ல அந்த அங்கிள் வீடு இருக்குன்னாருதானே?"

"ஆமா."

"மகன் சென்னையிலயே வீடு வாங்கிட்டாரு, இனி இங்க வரமாட்டாருன்னு சொன்னாருதானே?"

"ஆமா."

"நான் காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மகனுக்கு டிரான்ஸ்பர் வந்திருச்சா? அவரு போன்கூட எடுக்கலயே பா."

எதிரே வந்த தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி நின்றோம். முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தவன் நான். இந்த ஒரு விஷயத்தைப் பற்றியே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். பெற்ற மகளுக்கு அதை இரண்டு வாக்கியத்தில் சொல்ல வரவில்லை. முதல் வாக்கியத்தை எங்கே ஆரம்பிப்பது என்றே பிடிபடவில்லை.

2

இந்தப் பத்திரிகைக்கான குறிப்புகளை இத்தனை நாள் மலேசியாவின் கிள்ளானிலிருந்து எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை மதுரையிலிருந்தே எழுதுகிறேன். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து எழுதுகிற மாதிரியேதான் வருகிறது. ஏன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மதுரைக்கு மேற்கே ஒரு விவசாயக் கிராமம் என் ஊர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். லாரி ஷெட், புனேயில் ஒரு ஓட்டல், மறுபடியும் மதுரை, ஒரு மாலைப் பத்திரிகை அலுவலகத்தில் கட்டுத் தூக்குகிற வேலை. கிராமங்களுக்குக் கட்டு இறக்கப் போகிறவன் அங்கே நடக்கிறதை வந்து சொல்ல, அதை ஒருத்தர் எழுத, ஒரு நாள் அவர் வராமல் போக, நானே எழுதினேன். அப்படித்தான் நிருபர் ஆனேன். அந்தப் பத்திரிகை நின்றுபோனதும் மலேசியாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போனேன். அங்கே பகலில் மாவு பிசைந்துகொண்டே உள்ளூர்த் தமிழ்த் தாள்களுக்கும் எழுதினேன். புஷ்பாவைக் கட்டிக்கொண்டேன். ஷாலினி பிறந்தாள்.

இன்றைக்கும் நான் அந்த நாட்டுக் குடிமகன் கிடையாது. மனைவி பேரில் கிடைக்கிற வருகை அனுமதிதான். அதைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் புஷ்பா என் பக்கத்தில் உட்கார வேண்டும். கவுண்டரில் இருக்கும் பெண் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து மலாயில் கேட்பாள்: "இன்னும் இவரோடுதான் இருக்கிறாயா?" புஷ்பா ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி யோசிக்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு "ஆமாம்" என்பாள். அந்த ஒரு நொடியில் எனக்கு வியர்க்கும். வெளியே வந்து விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இப்போது கதை தலைகீழ். ஷாலினிக்கு மதுரையில் கண் பரிசோதனைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. விடுதி நிரம்பிவிட்டது, வெளியே வீடு எடுத்துப் பெற்றோரில் ஒருவர் உடன் இருந்தால் சரி என்றார்கள். புஷ்பாவுக்குத் தொழிற்சாலை வேலையை விட முடியாது. நான் வந்தேன். இங்கே ஷாலினி வெளிநாட்டுக்காரி. வந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்யவேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், அதில் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். லாட்ஜ் ரசீது செல்லாது. ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. வீடு இல்லையென்றால் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் கல்லூரியில் சேர்க்கமாட்டார்கள். என் சொந்த ஊரில் என் மகள் தங்குவதற்கு ஒரு கூரையைக் காட்டி நான் சாட்சி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கிராமத்தில் வீடு இல்லையா என்று கேட்பீர்கள். அண்ணன் விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டார். எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ஊருக்குப் போகவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

3

பெரியார் நிலையம் பக்கத்து லாட்ஜில் இருந்துகொண்டு வீடு தேடினோம். லாட்ஜ்காரப் பையனிடம் ஷாலினி, "எங்க அம்மா கம்பத்துல பிறந்தாங்க" என்று ஏதோ பேச்சில் சொல்லியிருக்கிறாள். மலேசியாவில் கிராமத்துக்குக் கம்பம் என்று பெயர். அவன் ரொம்ப அக்கறையாக, "கம்பம் பஸ்ஸு ஆரப்பாளையத்துல நிக்கும்க்கா, இங்க வராது" என்று வழி சொல்லி அனுப்பினான். இவள் ஆரப்பாளையம் எந்த நாட்டில் இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள்.

வீட்டுத் தரகர் ஒருவரைப் பிடித்தோம். செல்வம் என்று பெயர். நாற்பது வயது இருக்கும். அவனியாபுரத்தில் அலுவலகம். நேரில் பார்ப்பதற்கு முன்பே போனில் கால் மணி நேரம் பேசினார். "அண்ணே, நீங்க எந்த ஊரு? அட, அந்தப் பக்கமா! உங்க ஊர்ச் சாமி கும்புடுக்கு நான் வந்திருக்கேண்ணே. மாசியிலதான? எந்தக் கோயிலு உங்களுக்கு?" வெளிநாட்டிலிருந்து வந்தவனிடம் ஒருத்தர் ஊர்ச் சாமியைப் பற்றிக் கேட்டால் அவன் உருகிவிடுவான். நானும் உருகினேன். கோயில், சாமிக்குப் போடும் படப்பு, பங்காளிகளில் எந்த வகையறாவுக்கு முதல் மரியாதை என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன். நல்ல மனுஷர் என்று புஷ்பாவிடம் போனில் சொன்னேன்.

அவர் அனுப்பியதுதான் இந்தத் திருப்பரங்குன்றம் வீடு. மாடிப் பகுதி. இரண்டு அறை, நல்ல காற்று. வீட்டுக்காரர் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "செல்வம் சொன்னாப்ல. நம்ம பக்கத்துப் பிள்ளையாமே. வாங்க தம்பி, வாங்க." மாடியைக் காட்டினார். மகன் சென்னையில் நிலைத்துவிட்டதைச் சொன்னார். சாவிக் கொத்திலிருந்து மாடிச் சாவியைத் தனியே கழற்றி மேஜை மேல் வைத்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். ஷாலினியைப் பார்த்து, "தமிழ் நல்லாப் பேசுதே பிள்ளை" என்று கன்னத்தைத் தொட்டார்.

"அம்மா வழி எந்த ஊரும்மா?" என்றார் பெரியவர். சாதாரணமாகத்தான் கேட்டார்.

ஷாலினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பள்ளியில் அவளுக்குக் குடும்ப மரம் வரைகிற வேலை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதற்காக அம்மா வழிச் சொந்தங்களை எல்லாம் துளைத்தெடுத்து, ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறிய முதல் ஆள் வரைக்கும் போனாள். அவளுக்குப் பரிசுகூடக் கிடைத்தது. அதனால் கேள்வி வந்ததும் பரீட்சையில் படித்த கேள்வி வந்த சந்தோஷம் அவள் முகத்தில்.

மானாமதுரைப் பக்கம் இருக்கும் அந்தக் கிராமத்தின் பெயரைச் சொன்னாள். "அங்க கிழக்குத் தெரு அங்கிள். கண்மாய்க்கு அந்தப் பக்கம். கொள்ளுத் தாத்தா அங்கதான் பிறந்தாரு."

பெரியவர் அந்த ஊர்க் கிளையில் மூன்று வருஷம் வேலை பார்த்தவராம். "கிழக்குத் தெருவா" என்றார். "கிழக்குத் தெருதான" என்று இன்னொரு தடவை தனக்கே சொல்லிக்கொண்டார். அவர் மனைவி எழுந்து சமையலறைக்குப் போனார்.

"காப்பி ஆறிரும், குடிங்க" என்றார் பெரியவர். நாங்கள் குடித்தோம். "மகனுக்கு இங்கிட்டு டிரான்ஸ்பர் வரும் போல இருக்கு தம்பி. நேத்துத்தான் பேச்சு வந்துச்சு. அதான் ஒரு யோசனை." சாவியை எடுத்து மறுபடி கொத்தில் கோத்தார். வளையம் இரண்டு தடவை நழுவியது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கேட் வரைக்கும் கூடவே வந்தார். ஷாலினி முன்னால் போனதும் என் தோளைத் தொட்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. சொந்தபந்தம் வந்து போற வீடு. உங்களுக்கு மட்டும்னா இப்பவே சாவி தாரேன். நீங்க நம்ம பிள்ளை."

"அவ என் பிள்ளைங்கய்யா" என்றேன்.

"இல்லைன்னு சொல்லலையே" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

4

நிருபராக இருந்த காலத்தில் எனக்கு இந்த விஷயங்களில் குழப்பம் இருந்ததில்லை. எது தவறு என்று ஒரு ஊருக்குப் போனவுடன் தெரியும். இந்தத் தெருக்காரர்கள் அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். "ஆமா, அப்படித்தான் இங்க. எழுதிக்க." எழுதினேன். ஒரு தடவை கல் விழுந்தது. ஒரு தடவை என் சைக்கிள் கிணற்றுக்குள் போனது. மறுநாள் வேறு சைக்கிளில் போனேன். அது வேலையின் ஒரு பகுதி.

இப்போது அதே ஊர்களின் வழியாகப் பேருந்தில் போய்ப் பார்த்தேன். கிழக்குத் தெருவிலும் மேற்குத் தெருவிலும் ஒரே மாதிரி மோட்டார் சைக்கிள்கள். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே மஞ்சள் வேனில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறார்கள். செருப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் நம்பர் பலகையில் வகையறாப் பெயர், பையன்கள் மணிக்கட்டில் நிறம் நிறமாகக் கயிறு, கல்யாணப் பேனர்களில் புலியும் சிங்கமும். என் காலத்தில் இவ்வளவு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. மாறியதா என்றால் மாறித்தான் இருக்கிறது. நல்லதாகவா என்றால், சில நாள் ஆமாம் என்று தோன்றுகிறது. திருப்பரங்குன்றத்திலிருந்து நடந்த அன்றைக்கு எதுவும் தோன்றவில்லை.

கிள்ளானில் வேறு மாதிரி. வீடு வாடகைக்கு என்று ஒட்டியிருக்கும் தாளிலேயே போட்டுவிடுவார்கள்: சீனர் மட்டும். அல்லது, இந்தியர் வேண்டாம். நாங்கள் கல்யாணமான புதிதில் அப்படி எத்தனை தாளைப் படித்துவிட்டு அடுத்த மின்கம்பத்துக்கு நகர்ந்திருப்போம். புஷ்பா அப்போது ஒன்று சொல்வாள்: "பரவால்ல, பஸ் காசு மிச்சம்." எனக்குக் கோபம் வரும். நான் மதுரையிலிருந்து வந்தவன், இதை எழுதி ஒழிக்கவேண்டும் என்பேன். "எழுதுங்க. அதுக்குள்ள நான் அடுத்த வீட்டைப் பார்த்துட்டு வர்றேன்" என்பாள்.

புஷ்பா யார் வீட்டுப் பெண் என்று என் ஊரில் யாரும் கேட்டதில்லை. கடல் தாண்டிக் கட்டிய கல்யாணம் என்பதால் கேட்கத் தோன்றவில்லையோ, அல்லது கேட்டால் பதில் சொல்லிவிடுவேன் என்று பயந்தார்களோ. மலேசியப் பெண் என்பதே ஒரு சாதி மாதிரி ஆகிவிட்டது. அந்த மறைப்பு இத்தனை வருஷம் எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது, மறைப்பு என்று தெரியாமலும் இருந்தது.

அன்றைக்கு நடந்துகொண்டிருக்கும்போது ஷாலினிக்கு ஒருவழியாகச் சொன்னேன். தெருவின் பெயரிலிருந்து அவர் என்ன கண்டுபிடித்தார் என்பதை மட்டும். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கணக்குப் போட்டாள்.

"அப்ப உங்களுக்கு வீடு உண்டு. எனக்கு இல்ல."

"அப்படித்தான் சொன்னார்."

"ஆனா எல்லாரும் பிள்ளைங்க அப்பா பக்கம்னுதானே சொல்றாங்க? என் பாஸ்போர்ட்லகூட உங்க பேருதான் பின்னால இருக்கு. பிறகு ஏன் அவரு அம்மா பக்கமாப் போனாரு?"

எந்தப் பக்கம் இறக்கமோ அந்தப் பக்கம் போவார்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் அவள் அம்மாவை நான் இறக்கம் என்று சொன்னதாக ஆகிவிடும். இந்த ஊரில் நியாயத்தைப் பேச ஆரம்பித்தாலும் கையில் கிடைக்கிற சொற்கள் எல்லாம் பழைய சொற்களாகவே இருக்கின்றன.

"கிள்ளான்ல நம்ம மூணு பேருக்கும் சேர்த்து இல்லைம்பாங்க பா" என்றாள், கிள்ளான் பேச்சில். "அது பெட்டர் லா."

5

கோயிலுக்குப் போகிற சாலையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். ஷாலினி பழக்கதோஷத்தில் "தே ஓ ஒண்ணு" என்றாள். மலேசியாவில் அது பால் ஊற்றாத டீ. மாஸ்டர் என்னைப் பார்த்து, "பாப்பா யாரையோ கூப்பிடுதுண்ணே" என்றார். அவளே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தெம்பாக இருந்தது.

நான் போன் செய்து வரச்சொன்ன செல்வம், பெரியவரிடம் ஏற்கெனவே விசாரித்துவிட்டு, வண்டியை நிறுத்தும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏண்ணே, வீட்டைப் பாத்தமா, சாவியை வாங்குனமான்னு வராம, அம்புட்டையும் யாரு உங்களைப் பேசச் சொன்னா? நான்தான் எல்லாத்தையும் போன்லயே முடிச்சு வச்சிருந்தேன்ல?"

"எதை முடிச்சு வச்சிருந்தே?"

"உங்க ஊரு, சாமி, வகையறா. பெரியவருக்குச் சொன்னேன். போதும், அனுப்புன்னாரு. கட்டிக்கிட்டது எங்கிட்டுன்னு எனக்குத் தெரியுமா? மலேசியான்னீங்க, விட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாசித் திருவிழா, படப்பு, முதல் மரியாதை. என்னை விசாரித்திருக்கிறார். கேள்வி கேட்டே சோறு தின்றவன், என்னை ஒருத்தர் கால் மணி நேரம் கேள்வி கேட்டதைப் பிரியம் என்று நினைத்திருக்கிறேன்.

"எல்லாரையும் இப்படித்தான் கேக்குறதா?" என்றேன்.

"எல்லாரையுந்தான். நேராக் கேட்டா அடிக்க வருவாங்க. எந்த ஊரு, எந்தத் தெரு, எந்தச் சாமி. இந்த மூணுல தெரிஞ்சிரும். வேதக்காரங்கன்னா எந்தச் சர்ச்சு. பாய்மார்னா அது பேருலயே வந்திரும், அவங்களுக்கு இருக்கிற வீடே நாலஞ்சுதான்."

"இது தப்புன்னு தோணலயா செல்வம்?"

அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"தோணுச்சுண்ணே. தோணித்தான் முதல்ல ரெண்டு வருஷம் யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கல. ஆஸ்பத்திரி நர்சு ஒண்ணு. தங்கமான புள்ள. நானே வண்டியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன். வீட்டுக்காரம்மா வாசப்படியில வச்சே கேட்டுச்சு. உள்ளகூட விடல. அந்தப் புள்ளையத் திரும்பக் கொண்டாந்து விட்டேன். ஹெல்மெட்டக் கழட்டிக் குடுத்துட்டு, 'உங்களுக்கு முன்னாடியே தெரியும்லண்ணே'ன்னு கேட்டுட்டுப் போயிருச்சு. அன்னைக்கு இருந்து போன்லயே கேட்டுர்றது. கிடைக்காத வீட்டுக்கு யாரையும் நான் கூட்டிட்டுப் போறதில்ல. எவனும் வாசல்ல நின்னு அசிங்கப்படக் கூடாது. சொல்லுங்க, இதுல எது தப்பு?"

நான் டீக்குக் காசை எண்ணி எடுத்தேன்.

"நீங்க எழுதுனீங்கல்ல பேப்பர்ல? எத்தனை வருஷம்? எம்புட்டு வீடு தொறந்துச்சு?"

"மாப்ள, அண்ணனை ரொம்ப ஓட்டாத" என்றார் டீ மாஸ்டர், செல்வத்திடம்.

"ஓட்டலப்பா. எனக்கே இந்த ஏரியாவுல வாடகைக்கு வீடு தர மாட்டாங்க. ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்கிறேன், நான் பைபாஸுக்கு அங்கிட்டு இருந்து வாரேன். நான் யாருகிட்டப் போயி எழுதச் சொல்ல?"

ஷாலினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப கேக்காத வீடே இல்லையா அங்கிள்?"

செல்வம் யோசித்தார். "ரெண்டு இருக்கு பாப்பா. என் ஆபீஸுக்கு மேல ஒரு ரூமு, ஒரு அடுப்படி. கீழ லேத் பட்டறை. ஓனரு பட்டறைக்காரருதான், அவருக்கு ஊரு சாமி எல்லாம் கிடையாது, மாசம் பொறந்தா வாடகை வந்தாச் சரி. காலையில ஆரம்பிச்சா பொழுது சாய இரும்புச் சத்தம். அதான் எவனும் நிக்கல. இன்னொண்ணு வில்லாபுரம் பக்கம், ஒத்தை ஓட்டு வீடு, அந்தம்மா துபாய்ல இருக்கு."

"ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுவாங்களா?" என்றாள்.

"பட்டறைக்காரரா? எதுல வேணாலும் போடுவாரு. படிக்கவே மாட்டாரு."

அவள் என் பக்கம் திரும்பினாள். சத்தத்தைப் பற்றி நான் சொல்ல வாய் எடுத்தேன். "பஞ்சு வச்சுக்கலாம் பா" என்றாள்.

எழுந்திருக்கும்போது செல்வம் என்னிடம் ஒரு யோசனை சொன்னார். அவர் நாள் முழுக்க வண்டியில் வீடு காட்டிக்கொண்டு திரிகிறார். போனை எடுக்க ஆள் இல்லாமல் பாதி அழைப்பு போய்விடுகிறது. "மகள் காலேஜுக்குப் போயிட்டா மாடியில தனியா உக்காந்து என்ன செய்யப் போறீங்க? கீழ வந்து போனை எடுங்க. நாலு பேருகிட்டப் பேசத் தெரிஞ்ச ஆளு. உங்களை விட்டா எனக்கு யாருண்ணே கிடைப்பா?"

புஷ்பாவிடம் அன்று சாயங்காலம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கிழக்குத் தெரு வந்த இடத்தில் அவள் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அவகிட்ட நீங்களே சொல்லிட்டீங்களா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். "நல்லது. எனக்குச் சொல்ல வராம இருந்துச்சு" என்றாள். வேலையைப் பற்றிச் சொன்னதும், "அந்தக் கேள்வியை நீங்க கேப்பீங்களா?" என்றாள். மாட்டேன் என்றேன். "பிறகு எப்படி வேலை பாப்பீங்க?" என்றாள்.

6

மறுநாள் காலை வேலைக்குச் சேர்ந்தேன்.

பட்டறை ஓனர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மசி படிந்த பெருவிரல் தடமும் சேர்ந்து விழுந்தது. ஷாலினி அதைப் படம் எடுத்து, பதிவுக்கான மற்ற தாள்களோடு இணையத்தில் ஏற்றினாள். இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, "போயிட்டு வர்றேன் பா" என்று தேவைக்கு மேல் உரக்கக் கத்திவிட்டு, கல்லூரிக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறினாள். அவளுக்குத் தங்க இடம் கிடைத்துவிட்டது. நான் கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

செல்வம் போவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டையும் வாயாலேயே சொன்னார். எதையும் எழுதி வைப்பதில்லை. இந்த வீட்டுக்காரர் இன்னாரைச் சேர்ப்பார், அந்த வீட்டம்மா இன்னாரைச் சேர்க்கமாட்டார், இவருக்குக் கறி சமைத்தால் பரவாயில்லை ஆனால் அந்த ஆட்கள் கூடாது. கட்டுத் தூக்கின காலத்தில் எந்த ஊரில் எத்தனை கட்டு என்று மனசில் வைத்துக்கொண்ட மாதிரி, எல்லாம் ஒரே தடவையில் மனசில் ஏறிவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஒரு முடிவோடு உட்கார்ந்திருந்தேன்: அந்த மூன்று கேள்விகளையும் கேட்க மாட்டேன். எல்லாருக்கும் எல்லா வீட்டையும் சொல்வேன்.

முதல் அழைப்பு வந்தது. ஒரு பெண். பின்னால் பேருந்து ஹாரன் சத்தம்.

"அண்ணே, வீடு வேணும். நான், வீட்டுக்காரரு, ரெண்டு பிள்ளைக. நான் ஜவுளிக்கடையில வேலை பாக்குறேன். அவரு பெயிண்டரு."

"எந்தப் பக்கம் வேணும்மா?"

"பிள்ளைக பள்ளிக்கூடம் அவனியாபுரத்துல இருக்கு. கிட்டக்க இருந்தாப் போதும்."

"இருக்கும்மா" என்றேன். "ஆறு வீடு இருக்கு. எப்ப பாக்க வாரீங்க?"

ஹாரன் சத்தத்திலிருந்து அவர் தள்ளி வந்தது தெரிந்தது.

"அண்ணே, நீங்க புதுசா?"

"ஆமாம்மா. இன்னைக்குத்தான்."

"அதான்" என்றார். பிறகு, நான் கேட்காமலே தன் ஊரைச் சொன்னார். தெருவைச் சொன்னார். பொருள் கொண்டுவரச் சொல்லி விலாசம் கொடுப்பது போல, நின்று நிதானமாகச் சொன்னார். "இப்ப சொல்லுங்கண்ணே. போன வாரம் பூரா லீவு போட்டு அலைஞ்சுட்டேன். இனி லீவு போட்டா வேலையை விட்டு நிப்பாட்டிருவாங்க. மறைக்காம சொல்லுங்க. அந்த ஆறுல நான் வாரதுக்கு எத்தனை இருக்கு?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. கேட்காத வீடுகள் இரண்டு. ஒன்றில் அன்று காலை நாங்களே ஏறிவிட்டோம்.

"ஒண்ணு இருக்கும்மா" என்றேன்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"சரிண்ணே. சாயங்காலம் கடை முடிஞ்சு வாரேன்" என்றார்.